பதில்: ஜூலையில் 8 இரவு இத்தாலி, இரண்டு பிள்ளைகளுடன்

ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ், மிலான், நேப்பிள்ஸ் ஐந்தையும் 8 இரவில் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 8, 11 வயதுப் பிள்ளைகளோடு, அதுவும் ஜூலை வெயிலில், பாதி நேரம் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். மிலானையும் வெனிஸையும் விட்டுவிடுங்கள். ரோமில் 4, நேப்பிள்ஸில் 2, ஃப்ளாரன்ஸில் 2 இரவு, சரியாக இருக்கும்.

ரோமின் பழைய அரங்கம் கொலோசியம், நேப்பிள்ஸ் பக்கத்தில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரம் பொம்பேய், ஃப்ளாரன்ஸின் ஓவியக்கூடம் உஃபிஸி மாதிரி அரசு இடங்களில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம், ஆனால் கொலோசியத்துக்கு அவர்களுக்கும் நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுத்துவிட வேண்டும். வத்திக்கான் தனி நாடு, இந்தச் சலுகை அங்கே செல்லாது. என்னைக் கேட்டால் பிள்ளைகளுக்கு ஓவியத்தைவிட பொம்பேய்தான் பிடிக்கும்: கல் தெருவில் வண்டிச் சக்கரத் தடம், ரொட்டிக்கடை அடுப்பு எல்லாம் இன்னும் இருக்கிறது. நிழல் குறைவு, திறந்ததும் போய்விடுங்கள். அப்புறம், ரோமில் தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், தெருக்குழாய்த் தண்ணீரையே தாராளமாகக் குடிக்கலாம்.