எலி கடித்த தலைமுடி

கேள்வி: உறவினர் வீட்டுத் திருமணப் பந்தியில் ரசவாளியுடன் வழுக்கி விழுந்தேன். ஆறு மாதமாகியும் கேலி ஓயவில்லை. இத்தகைய அவமானத்திலும் பாடம் உண்டு என்கிறார்களே, உண்மைதானா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: எல்லா விழுதலிலும் பாடம் தேட வேண்டியதில்லை. ஈரத் தரையில் நிதானமாக நடக்க வேண்டும் என்பதற்கு மேல் உங்கள் ரசவாளியில் எனக்கு எதுவும் தென்படவில்லை. ஆனால், சில வேடிக்கைகளுக்கு அடியில் வலி இருக்கும். அவை வேறு வகை.

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஆங்கிலேய முடிதிருத்துநர் ஒருவர் காந்திக்கு முடிவெட்ட ஏளனத்துடன் மறுத்துவிட்டார். மனம் புண்பட்ட காந்தி, உடனே கருவி வாங்கி, கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒருவாறு அமைந்தது, பின்பக்கம் பாழானது. நீதிமன்றத்தில் நண்பர்கள், எலி கடித்ததா என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தனர். அவரோ நடந்ததை மறைக்காமல் சொன்னார். பின்னாளில் அதைப் பற்றி எழுதியபோது, கறுப்பர்களுக்கு முடிவெட்டினால் வாடிக்கையை இழக்க நேரும் என்பதால் அந்த முடிதிருத்துநரைக் குறைகூற முடியாது என்றும், நம் ஊர் முடிதிருத்துநர்களைத் தீண்டப்படாதோர் எனப்பட்டவர்களுக்கு வெட்ட நாம் விடுவதில்லையே என்றும் குறிப்பிட்டார். தமக்கு நேர்ந்த இழிவிலிருந்து தம்மவர் இழைத்த இழிவைக் கண்டுகொண்ட அந்தத் திருப்பம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

உங்கள் விஷயம் அவ்வளவு கனமானதன்று. அடுத்த விசேஷத்தில் ரசக் கதையை, பிறர் தொடங்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.