கேள்வியும் பதிலும்: மாரி காலமும் சின்னப் பிள்ளைகளும்

புரட்டாதியில் பனங்காய், பிறகு நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை விளக்கீடு, மூன்றாம் தவணை விடுமுறை என்று வீடு அடுத்த மூன்று நான்கு மாதமும் ஓயாது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இவற்றில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில்.

பனங்காய்ப் பணியாரம் சுட்டால் கைக்கிறது, எண்ணெயும் குடிக்கிறது. ஐந்து வயது மகள் தானும் பிசையப் போவதாக அடம்பிடிக்கிறாள். விடலாமா?
வாசகி, கோண்டாவில்

கைப்பு உங்கள் கையில் இல்லை, பழத்தில் இருக்கிறது. பனங்களியில் பிளாபெலிபெரின் என்ற சபோனின் வகைப் பொருள் உண்டு. அதன் அளவு மரத்துக்கு மரம் மாறும். தோலை உரித்ததும் ஒரு தும்பை நாக்கில் வைத்துப் பாருங்கள். தொண்டை வரை கைத்தால் அந்தப் பழத்தை ஒதுக்கிவிடுங்கள். எவ்வளவு சீனி கொட்டினாலும் அது திருந்தாது.

நல்ல பழமென்றால் மிகக் குறைந்த தண்ணீர் தெளித்துப் பிழிந்து, களியைத் துணியில் வடியுங்கள். இரண்டு கப் களிக்கு முக்கால் கப் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, சிறு நெருப்பில் பத்துப் பதினைந்து நிமிடம் அடிப்பிடிக்காமல் கிண்டினால் பச்சை வாடை போய்க் களி இறுகும். பிறகு முழுதாக ஆற விடுங்கள். பலர் பிழை விடுவது இந்த இடத்தில்தான். சூட்டோடு மாவைக் கொட்டினால் அது பசைபோல் இழுபட்டு, பணியாரம் கல்லாகிவிடும். ஆறிய களியில் அவித்த கோதுமை மா ஒரு கப், பச்சைக் கோதுமை மா ஒரு கப் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். விரலால் கிள்ளினால் மெதுவாக விழ வேண்டும், வழியக்கூடாது. வழிகிற மாதான் எண்ணெய் குடிக்கும். எண்ணெய் போதிய சூடு ஏறாவிட்டாலும் அதே கதை: உருண்டை தாச்சியின் அடியில் கிடந்து ஊறும். ஒரு நிமிடத்துக்குள் கறுத்தால் சூடு அதிகம். சீனி கருகி வெளியே கறுப்பாக, உள்ளே மாவாக இருக்கும். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். அன்றைக்கே தின்று தீர்ப்பு சொல்லவும் வேண்டாம், பணியாரத்துக்கு ருசி ஏறுவது மறுநாள்தான்.

மகளுக்குப் பிழிகிற வேலையைக் கொடுங்கள், பழைய சட்டை போட்டு. பனங்களிக் கறை சட்டையை விட்டு லேசில் போகாது. தாச்சி அடுப்பில் ஏறியதும் அவளை அடுப்படியிலிருந்து வெளியே அனுப்பிவிடுங்கள். ஈரக் கையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் எண்ணெயில் விழுந்தாலே போதும், எண்ணெய் முகம் வரை தெறிக்கும்.

பேரப்பிள்ளைகளுக்குப் பனம்பாத்தி போட்டுக் காட்ட விருப்பம். ஆனால் வளவெல்லாம் சீமெந்து போட்டாயிற்று. வேறு வழி உண்டா?
வாசகர், கொக்குவில்

உரப்பை போதும். பனம் விதை முளைக்கும்போது முளை நேரே கீழே ஓடி, அதன் நுனியில்தான் கிழங்கு இறங்கும். ஆழமும் பொலபொலப்பான மண்ணும் இல்லையென்றால் கிழங்கு கட்டையாகும், வளையும். மேட்டுப் பாத்தி போடுவதும் இதற்காகத்தான். ஐம்பது கிலோ உரப்பையைக் கழுவி, அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டு, மணல் கலந்த மண்ணை இரண்டடி உயரத்துக்கு நிரப்புங்கள். மண்ணை மிதித்து இறுக்க வேண்டாம். களி பிழிந்த விதைகளை மேலே நெருக்கி அடுக்கி, நான்கு விரல் மண்ணால் மூடுங்கள். பழம் ஒன்றில் பெரும்பாலும் மூன்று விதை இருக்கும். பத்துப் பழம் இரண்டு பைக்குக் காணும். பையைச் சுவரோடு சாய்த்து, மழை படும் இடத்தில் வையுங்கள். மழை பிந்தினால் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றும் வேலை பேரனுடையது. அடியில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும், ஓட்டைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புரட்டாதியில் போட்டால் தை மட்டில் கிண்டலாம். மேலே குருத்து விரியத் தொடங்கினால் இனிப் பொறுக்கக்கூடாது, கிழங்கில் தும்பு ஏறிவிடும். பிள்ளைகளுக்குக் கிழங்கைவிடப் பிடிப்பது பூரான். முளைத்த விதையைப் பிளந்தால் உள்ளே பஞ்சுபோல் வெள்ளையாக, இனிப்பாக இருக்கும். இதை ஒரு மாதம் முன்னதாகவே ஒரு விதையில் பார்க்கலாம். கொட்டை வழுக்கும், கத்தியும் கனம். ஆகவே பிளப்பது பெரியவர்களின் வேலை. கிண்டிய கிழங்கில் பாதியை அவித்துத் தின்னுங்கள். மீதியை அவித்துக் கிழித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைப் பேரப்பிள்ளைகள் அதற்குப் பிறகு மறக்கமாட்டார்கள்.

மூன்று வயது மகனுக்கு விஜயதசமியன்று ஏடு தொடக்க இருக்கிறோம். புதிய இடத்தில் அழுவான். என்ன செய்யலாம்?
வாசகி, மானிப்பாய்

நான்கைந்து நாள் முன்பே வீட்டில் தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பி, விரலால் கோடு கீற விடுங்கள். அரிசி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தடிப்பாகப் பரப்பினால் கீறிய கோடு உடனே மூடிக்கொள்ளும், பிள்ளைக்கும் சலித்துவிடும். கோவிலில் வரிசை நீளமாக இருக்கும், பசியோடு கொண்டுபோக வேண்டாம். அவனுக்குப் பழகிய மடி யாருடையதோ அவரே வைத்துக்கொள்ளட்டும். அன்றைக்கு முடியாமற்போனால் தைப்பூசத்திலும் தொடக்கலாம்.

விளக்கீட்டுக்குப் பிள்ளைகளோடு பந்தம் செய்ய வேண்டும். போன முறை துணி உருகிச் சொட்டியது. மழையில் பாதி எரியவும் இல்லை.
வாசகர், சாவகச்சேரி

உருகியது பருத்தித் துணியாக இருக்காது. பொலியெஸ்டர் கலந்த துணி எரியும்போது உருகிச் சொட்டும், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். பழைய வேட்டியே நல்லது. ஐமிச்சமென்றால் ஒரு நூலை எரித்துப் பாருங்கள். பருத்தி சாம்பலாகும், மற்றது உருண்டு கட்டியாகும்.

இரண்டடித் தடியின் நுனியில், இரண்டு அங்குல அகலத்துக்குக் கிழித்த துணியை ஏழெட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றி நூலால் கட்டுங்கள். தளர்வாகச் சுற்றினால் எரியும்போது கழன்று விழும். முதல் நாள் இரவே தேங்காய் எண்ணெயிலோ வேப்பெண்ணெயிலோ ஊறப்போட்டு, மறுநாள் சொட்டாத அளவுக்குப் பிழிந்துவிடுங்கள். ஊறாத துணி மழை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், எரியாமற்போனதற்கு அதுதான் காரணம். பற்றவைக்கும்போது நுனியில் ஒரு துண்டு கற்பூரம் செருகினால் தூறலிலும் பிடிக்கும். மண்ணெண்ணெய், பெற்றோல் பக்கமே போக வேண்டாம்.

துணி கிழிப்பது, சுற்றுவது, தடி நடுவதற்குக் குழி தோண்டுவது எல்லாம் பிள்ளைகள் செய்யலாம். நட்ட பிறகு பெரியவர் பற்றவைக்கட்டும். எரியும் பந்தத்தைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் பிள்ளை ஆசைப்படும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். படலையில் வாழைக்குற்றி நட்டு மேலே விளக்கு வைப்பவர்கள், சிரட்டையில் நேரடியாகத் திரி போடாமல் அதற்குள் மண் சிட்டியை வையுங்கள். சிரட்டையே தீப்பிடிப்பதுண்டு. விளக்கீடு எந்த நாள் என்பதில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில ஆண்டுகளில் ஒரு நாள் வேறுபடும். உங்கள் ஊர்க்கோவில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே பாருங்கள்.

இன்னும் இரண்டு விடயம். அந்த நேரம் வேலியெங்கும் கார்த்திகைப் பூ பூத்திருக்கும். அழகுதான், ஆனால் செடி முழுவதிலும் கொல்கிசின் என்ற நஞ்சு உண்டு, கிழங்கில் மிக அதிகம். பனங்கிழங்கு கிண்டிப் பழகிய பிள்ளை இதையும் கிண்டிப் பார்க்கலாம். வாயில் வைக்கக்கூடாது என்று செடியைக் காட்டியே சொல்லிவையுங்கள். அடுத்தது, மறுநாள் காலையில் வளவில் கிடக்கும் சிட்டி, சிரட்டை எல்லாவற்றையும் எண்ணிப் பொறுக்கச் சொல்லுங்கள். மாரியில் ஒரு சிரட்டைத் தண்ணீர் டெங்கு நுளம்புக்குத் தாராளம். முட்டை ஏழு முதல் பத்து நாளில் நுளம்பாகிவிடும்.

டிசம்பரில் நான்கு வயது, ஏழு வயதுப் பிள்ளைகளோடு இரண்டு கிழமை ஊருக்கு வருகிறோம். மழையில் எங்கே போகலாம்?
வாசகி, டொரன்டோ

ஒரு நாளைக்கு ஓரிடம், அதுவும் காலையில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுவிட்டொரு நாள் வீட்டில் நிற்பதும் நல்லது. மழை நாளுக்குக் கல் எறிந்து பிடிக்கும் கொக்கான் வெட்டுதல், தாயம் போதும். ஏழு வயதுக்குக் கொக்கான் பிடிபடும். சின்னவர் கல்லை வாயில் போடாமல் யாராவது பார்த்திருக்க வேண்டும்.

பணம் செலவில்லாத இடம் வல்லைவெளி. மாரியில் வலசை வரும் பறவைகளை வீதியோரம் நின்றே பார்க்கலாம், ஒரு தொலைநோக்கி இருந்தால் பெரியவர்களும் நகரமாட்டார்கள். யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போனால், 1658 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது என்பதையெல்லாம் மூத்தவருக்குச் சொல்லிக்கொண்டு, சின்னவரின் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மதில்மேல் நடக்கும்போது அவரை ஓட விடக்கூடாது. கீரிமலைக் கேணிப் படியில் பாசி வழுக்கும். நிலாவரைக் கிணற்றை எட்டி நின்று பார்த்தாலே போதும். கசூரினாக் கடல் மற்ற மாதங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல ஆழமில்லாத கடல். டிசம்பரில் அலை வேறு, முழங்காலுக்கு மேல் இறக்காதீர்கள்.

தீவுகளில் நயினாதீவு போதும். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறக்குறைய இருபது நிமிடம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரமாகும். வாடைக்காற்றில் அந்த ஒரு மணி நேரமும் சின்னவர் சத்தி எடுப்பார், அங்குள்ள காட்டுக்குதிரை பார்க்கும் ஆசையை இன்னொரு வரவுக்கு வையுங்கள். காற்று கூடினால் படகு நின்றுவிடும், ஆகவே புறப்படும் காலையில் விசாரித்துவிட்டே வீட்டிலிருந்து வெளிக்கிடுங்கள். ஏறியதும் பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்குங்கள். அக்கரையில் இறங்கியதும் கோவிலுக்குப் போக முன்னர், திரும்பிவரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைப் படகுக்காரரிடமே கேட்டுவிடுங்கள்.