முதலில் மெக்கானிக், பிறகு ஜெட் ஸ்கீ

அன்புள்ள ஆசிரியருக்கு,

தண்ணீரில் பைக்போல ஓட்டும் ஜெட் ஸ்கீயை வாடகைக்கு எடுத்து ஓட்டித் தொடங்கிய ஆசை, பந்தயத்தில் இறங்கியே தீர வேண்டும் என்ற அளவுக்கு வளர்ந்துவிட்டது. எந்த வண்டியை வாங்குவது? வேகத்துக்கு என்னென்ன மாற்றங்கள் செய்வது? எனக்குத் தெரிந்த பைக் மெக்கானிக் ஒருவர், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். நம்பலாமா?

க.

அன்புள்ள க.,

வண்டி வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதலில் இந்த வண்டிகளையே தொழிலாகப் பார்க்கும் மெக்கானிக்கைத் தேடுங்கள்.

உங்கள் நண்பருக்கு என்ஜின் புரியும். தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி வண்டியைத் தள்ளும் பம்ப் வேறு விஷயம். உள்ளே சுழலும் இம்பெல்லர் என்ற விசிறிக்கும் அதைச் சூழ்ந்த வளையத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான் உண்டு. என் முதல் வருடத்தில் வண்டி அலறியதே தவிர வேகம் பிடிக்கவில்லை. இரண்டு முறை என்ஜினைப் பிரித்துப் பணத்தைக் கரைத்தேன். கடைசியில் அனுபவசாலி ஒருவர் பம்பைக் கழற்றி, வளையத்தை நகத்தால் தடவி ஓர் இடத்தில் நிறுத்தினார். ஒரு சிறு கல் கீறிய பள்ளம். வளையத்தை மாற்றியதும் வண்டி பாய்ந்தது.

ஆளைச் சோதிக்க ஒரு கேள்வி போதும். உப்புநீரில் ஓட்டிய பின் நன்னீர் விட்டுக் கழுவும்போது எதை முதலில் செய்வீர்கள்? என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே குழாயைத் திறக்க வேண்டும். குழாயை மூடிய பிறகே என்ஜினை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் எக்ஸாஸ்ட் வழியாக என்ஜினுக்குள் தண்ணீர் ஏறிவிடும். இதற்குத் தடுமாறுபவரிடம் வண்டியை விடாதீர்கள்.

சரியாகப் பதில் சொல்பவர்களைப் பந்தயக் கரையில்தான் பார்க்க முடியும். பல பந்தயங்களில் தொடக்கக் கோட்டில் ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அது விடுபடும் கணம் வரை, உறுமும் வண்டியின் பின்புறத்தை ஒருவர் தண்ணீரில் நின்று பிடித்துக்கொண்டிருப்பார். அந்த வேலைக்குப் போய் நில்லுங்கள். ஆள் எப்போதும் தேவைப்படும். யார் வண்டி பழுதாகாமல் ஓடுகிறது, அதை யார் பார்க்கிறார் என்பது நாலைந்து பந்தயங்களில் தெரிந்துவிடும்.

வண்டி எதுவானாலும் முதல் வருடம் எந்த மாற்றமும் வேண்டாம். கம்பெனி வண்டியைப் பெரிதாக மாற்றாமல் ஓட்டும் ஸ்டாக் பிரிவிலேயே ஓட்டுங்கள். நின்று ஓட்டும் யமஹா சூப்பர்ஜெட் 2021 மாடலில்தான் நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறியது. அதற்கு முந்தைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டியை வாங்குவதானால், கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், பார்க்காமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. பீய்ச்சும் நீர்தான் வண்டியைத் திருப்புகிறது. பந்தயப் பாதையைக் குறிக்கும் மிதவையைக் கண்டு பயந்து ஆக்சிலேட்டரை விட்டால், ஹேண்டிலை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். கை அதற்குப் பழகும்வரை கூட்டத்தோடு ஓட்டாதீர்கள். என்ஜினை நிறுத்தும் கயிறு எப்போதும் உடம்போடு இணைந்திருக்கட்டும். ஹெல்மெட்டும் மிதவை அங்கியும் வாங்கும் பலர் வெட்சூட் என்ற தடித்த ரப்பர் உடையின் கீழ்ப்பகுதியை விட்டுவிடுகிறார்கள். பின்பக்கம் விழுந்தால் அந்த நீர்வீச்சு உடலுக்குள் புகுந்து கிழித்துவிடும்.

கரைக்குப் போகும்போது உங்கள் பைக் மெக்கானிக்கையும் அழைத்துச் செல்லுங்கள். என்ஜின் பழகிய கை அவருடையது. பம்பையும் அங்கே கற்றுக்கொண்டாரென்றால் உங்களுக்குப் பக்கத்திலேயே ஆள் கிடைத்துவிடும்.