எம்ப்ளோயர் யார், எம்ப்ளோயீ யார்?
(வாசகர் கேள்வி பதில்: ஆங்கிலச் சொற்கள்)

கேள்வி: கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த மகன், படிவத்தில் 'எம்ப்ளோயர்' என்று இருந்த இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டான். படிவம் திரும்பி வந்துவிட்டது. இந்த இரண்டு சொல்லையும் எப்படிப் பிரித்து நினைவில் வைப்பது?
– வாசகி, ஹட்டன்

பதில்: சொல்லின் வாலைப் பாருங்கள். 'அர்' என்று முடிந்தால் கொடுப்பவர், 'ஈ' என்று முடிந்தால் பெறுபவர். பயிற்சி கொடுப்பவர் ட்ரெய்னர், பெறுபவர் ட்ரெய்னீ. காசோலையை யார் பெயருக்கு எழுதுகிறோமோ அவர் பேயீ. நேர்முகப் பரீட்சையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இன்டர்வியூவர், இந்தப் பக்கம் வியர்த்துக்கொண்டிருப்பவர் இன்டர்வியூவீ. எல்லாச் சொல்லும் இதற்குள் அடங்காது. வேலைக்கு வராமல் நின்றவர் அப்சென்டீ. அவர் யாரிடமும் எதையும் பெறவில்லை, தானாகத்தான் நின்றார்.

வாயால் சொல்லும்போது எம்ப்ளோயரில் நடுப்பகுதி அழுந்தும், எம்ப்ளோயீயில் கடைசி ஈ அழுந்தி நீளும். எழுதும்போது அந்த இடத்தில் இரண்டு ஈ எழுத்து வரவேண்டும். ஒன்றை விழுங்கிவிடுகிறவர்கள் அதிகம்.

மகனின் சம்பளச் சீட்டைச் சரிபார்க்கவும் இது உதவும். ஊழியர் சேமலாப நிதிக்கு எம்ப்ளோயீயின் பங்கு குறைந்தது 8 சதவீதம், எம்ப்ளோயரின் பங்கு குறைந்தது 12 சதவீதம். 40,000 ரூபாய்ச் சம்பளம் என்றால் மகனிடம் பிடிப்பது 3,200. முதலாளி தன் கையிலிருந்து போடுவது 4,800. ஈ.ரி.எஃப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதம், அதாவது 1,200 ரூபாய், முழுக்க எம்ப்ளோயர் தலையில். சீட்டில் எம்ப்ளோயருக்கு நேரே இருக்கும் தொகையையும் சம்பளத்தில் கழித்திருந்தால் அது பிழை. கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி: 'கேன் யூ பொறோ மீ யுவர் பென்' என்று என் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள். எத்தனை தடவை திருத்தினாலும் மறுநாள் அதே கதை.
– ஆசிரியை, பண்டாரவளை

பதில்: பிள்ளைகள் தமிழில் சரியாகத்தான் யோசிக்கிறார்கள். 'பேனையை இரவல் தா', 'பேனையை இரவல் வாங்கினேன்' என்ற இரண்டிலும் 'இரவல்' அப்படியே நிற்கிறது. திசையைக் காட்டுவது 'தா'வும் 'வாங்கு'வும். 'பொறோ என்றால் இரவல்' என்று கொப்பியில் எழுதிக் கொடுத்தால், பிள்ளை 'எனக்குத் தா' என்பதற்காக ஒரு 'மீ'யைத் தேடி ஒட்டிவிடுகிறது.

கரும்பலகையில் முழுதாக எழுதுங்கள்: பொறோ, இரவல் வாங்கு. லென்ட், இரவல் கொடு. பிறகு இரண்டு பிள்ளைகளை நிறுத்தி ஒரு பேனையை உண்மையிலேயே கைமாற்றச் சொல்லுங்கள். பேனை எந்தக் கைக்கு வருகிறதோ அவர் செய்வது பொறோ, எந்தக் கையை விட்டுப் போகிறதோ அவர் செய்வது லென்ட். ஆகவே 'கேன் ஐ பொறோ யுவர் பென்', அல்லது 'கேன் யூ லென்ட் மீ யுவர் பென்'. பொறோ செய்வது ஒருவரிடமிருந்து, அதனால் 'ஃப்ரொம்'. லென்ட் செய்வது ஒருவருக்கு, அதனால் 'டூ'. லென்டின் இறந்தகாலத்துக்குக் கடைசி 'டி' எழுத்து 'ரி' ஆகும், அவ்வளவுதான். 'லென்டட்' என்று ஒரு சொல் கிடையாது.

கேள்வி: கொப்பி, பென்சில் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதப் போகிறோம். ஸ்டேஷனரியின் முடிவில் ஆர் எழுத்துக்கு முன்னால் ஏயா, ஈயா?
– வாசகர், வெலிமடை

பதில்: ஈ. என்வலப்புக்கு முதல் எழுத்து ஈ, என்வலப் விற்கும் கடைக்கும் அதே ஈ. ஏ போட்டால் 'நகராமல் நிற்கிற' என்று பொருள். சிக்னல் விழாமல் நிற்கும் ரயிலுக்குத்தான் அது பொருந்தும், ஓடவேண்டிய வியாபாரத்துக்கு அல்ல. 'ஸ்டேஷனரீஸ்' என்று பன்மையாக்கவும் வேண்டாம்.

கேள்வி: 'ஐ வில் பி ஓன் லீவ் பை ஃப்ரைடே' என்று லீவுக் கடிதம் எழுதினேன். மேலாளருக்கு விளங்கவில்லை. என்ன பிழை?
– வாசகர், தலவாக்கலை

பதில்: 'பை' என்பது 'வெள்ளிக்குள்', 'அன்டில்' என்பது 'வெள்ளி வரை'. தமிழில் இந்த இரண்டையும் யாரும் குழப்புவதில்லை. 'வெள்ளிக்குள் லீவில் இருப்பேன்' என்று நீங்கள் ஒருநாளும் சொல்லமாட்டீர்கள். எழுதுமுன் தமிழில் சொல்லிப் பாருங்கள். காத்திரு, தங்கு, வேலை செய் என்று நீண்டுகொண்டே போகும் வினைக்கு அன்டில். முடி, கட்டு, ஒப்படை, போய்ச் சேர் என்று ஒரு கணத்தில் முடியும் வினைக்கு பை. நானுஓயா ஸ்டேஷனுக்குப் பத்து மணிக்குள் போய்ச் சேரவேண்டும் என்றால் பை. ரயில் வரும்வரை அங்கே குந்தியிருக்கவேண்டும் என்றால் அன்டில்.

லீவுக் கடிதத்தில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. 'அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளியன்று வருவீர்களா, மாட்டீர்களா? படிக்கிறவர் இரண்டு விதமாகவும் எடுப்பார். 'ஃப்ரொம் வெட்னஸ்டே டூ ஃப்ரைடே, போத் டேய்ஸ் இன்க்ளூசிவ்' என்று எழுதி, திங்கள் வேலைக்குத் திரும்புவதாக ஒரு வரி சேர்த்தால் பேச்சே இல்லை.

கேள்வி: தோட்டத்து விலாசம் எழுதும்போது பிள்ளைகள் 'எஸ்டேட்'டை 'ஸ்டேட்' ஆக்கிவிடுகிறார்கள். ஏன்?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: தமிழ் நாக்குக்குச் சொல்லின் முதலில் 'ஸ்' வந்தால் ஒரு 'இ' வேண்டும்: இஸ்கூல், இஸ்டோர். 'அந்த இ-யை விடு' என்று அதட்டி அதட்டித் திருத்துகிறோம். சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை எஸ்டேட்டிலும் அதை விட்டுவிடுகிறது! எஸ்டேட்டின் முதல் எழுத்து நாம் ஒட்டியதல்ல, சொல்லுக்கே உரியது. ஆறு எழுத்தென்றால் தோட்டம், ஐந்தென்றால் அரசு அல்லது நிலை. அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் ஆங்கிலப் பெயரில் வருவது ஐந்தெழுத்து ஸ்டேட்தான். அது பிழையல்ல, அரசைக் குறிக்கிறது. அதே பெயரில் உள்ள கோப்பரேஷனும் ஒத்துழைப்பைக் குறிக்கும் கோ-ஒப்பரேஷனும் வேறு வேறு.

கேள்வி: தொளதொளப்பும் லூஸ், தொலைப்பதும் லூஸ். காதால் எப்படிப் பிரிப்பது?
– மாணவி, பதுளை

பதில்: தமிழ் எழுத்து இங்கே கைகொடுக்காது, இரண்டையும் ஒரே மாதிரித்தான் எழுதமுடியும். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். தொலைப்பதைச் சொல்லும்போது கடைசி ஒலியில் தேனீ இரைவதுபோல விரலுக்குக் கீழே அதிரும். தொளதொளப்புக்கு அதிர்வு இல்லை, வெறும் காற்று. எழுத்தில், தொலைப்பதற்கு ஒரே ஒரு 'ஓ'. அதற்கு இரட்டை 'ஓ' போடுவதுதான் பரீட்சைத் தாள்களில் அடிக்கடி வரும் பிழை. பைக்கற்றில் அடைக்காமல் நிறுத்து விற்கும் தேயிலை இரட்டை 'ஓ' லூஸ்.