பேனா பிளாட்டர்: குறைந்த செலவில் வரைவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பழைய ஹெச்பி 7475ஏ பிளாட்டர் (பேனாவைப் பிடித்துத் தாளில் கோடு வரையும் இயந்திரம்) கிடைத்தது. யுஎஸ்பி-சீரியல் கேபிளில் படத்தை அனுப்பினால், சில கோடுகள் சரியாக விழுந்தபின் தாறுமாறாக இழுக்கிறது. போர்டு பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுது கேபிளில்தான் இருக்கும். 1983-இல் வெளிவந்த இந்த இயந்திரத்தின் பஃபர், அதாவது வரும் கட்டளைகளைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம், 1024 பைட் மட்டுமே. பேனா நகர்வதைவிட விரைவாகக் கணினி கட்டளைகளை அனுப்புவதால், பஃபர் நிரம்பும்போது பிளாட்டர் விடுக்கும் நிறுத்தச் சைகை கணினியை எட்டியாக வேண்டும். அச்சைகை பிளாட்டர் கனெக்டரின் 20-ஆம் பின்னில் (இணைப்பு முனையில்) வருகிறது. மூன்றே கம்பிகள் கொண்ட மலிவான கேபிளில் அதற்கு வழியில்லை. அந்தப் பின்னைக் கணினிப் பக்கத்து 9 பின் கனெக்டரின் 8-ஆம் பின்னோடு இணைத்து, மென்பொருளில் ஹார்டுவேர் ஹேண்ட்ஷேக்கை (கம்பிவழிச் சைகைக்கேற்ப அனுப்புவதை நிறுத்தித் தொடரும் முறையை) இயக்குங்கள். புதிய போர்டு தேடிப் பணத்தைச் செலவிடுவதற்கு முன் இதைச் செய்து பார்க்குமாறு வற்புறுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: அதன் அசல் பேனாக்கள் கிடைப்பதில்லையே?

பதில்: கடையில் விற்கும் ஃபைன்லைனரை (மெல்லிய முனைப் பேனாவை) பிடிக்கும் உறையை 3டி பிரிண்டரில் அச்சிட்டுக்கொள்ளலாம். பிளாட்டர் பேனாவைப் பிடிக்கும் இடத்திலுள்ள வளையத்திலிருந்து முனை வரையுள்ள நீளம் அசல் பேனாவுக்கு இணையாக இருக்க வேண்டும். நீண்டால் தூக்கிய நிலையிலும் தாளைக் கீறும், குறைந்தால் தாளைத் தொடாது. வேகத்தை, அதை அமைக்கும் பிளாட்டர் கட்டளையான விஎஸ் மூலம் நொடிக்கு 10 செ.மீ. அளவுக்குக் குறைத்தால், மை சீராக இறங்கும்.

கேள்வி: பிளாட்டரே இல்லாதவர் என்ன செய்வது?

பதில்: வீட்டில் 3டி பிரிண்டர் இருந்தால் அதன் தலையில் பேனாவைப் பொருத்தி, சூடேற்றும் கட்டளைகளை நீக்கி, மேலும் கீழும் நகரும் இசட் அச்சை 2 மி.மீ. உயர்த்தி இறக்கினால் போதும். புதிதாகச் செய்வதானால் ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு கட்டுப்பாட்டு போர்டு, படிப்படியாகத் துல்லியமாகச் சுழலும் இரண்டு ஸ்டெப்பர் மோட்டார், பேனாவைத் தூக்க ஒரு சிறிய சர்வோ (குறித்த கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) தேவை. மோட்டார்களை இயக்க ஆர்டுயினோவில் ஏற்றும் மென்பொருளான வழக்கமான ஜிஆர்பிஎல் சர்வோவை இயக்காது என்பதால் அதற்கென மாற்றிய பதிப்பை ஏற்றுங்கள்.

கேள்வி: தமிழ் எழுத்துகள் இரட்டைக் கோடாக விழுகின்றனவே?

பதில்: எழுத்துருக்களில் எழுத்தின் வெளிவிளிம்பே பதிந்திருக்கிறது, பிளாட்டர் அவ்விளிம்பைச் சுற்றி வருகிறது. ஒற்றைக் கோட்டுக்குப் பெயர்பெற்ற ஹெர்ஷே எழுத்துருக்களில் தமிழ் இல்லை. இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் உள்ள மையக்கோட்டுத் தடமெடுப்பு (தடித்த கோட்டின் நடுவே ஒற்றைக் கோடு வரையும் வசதி) ஓரளவு உதவும்; ஆயினும் ண, ஐ போன்ற சுழிகளில் அது தடுமாறுவதால், எழுத்தின் மேல் கையால் ஒருமுறை வரைந்து சேமித்து வைப்பதே அழகான வடிவைத் தரும்.