பழைய ஃபோர்டு பிக்கப்: சேசிஸை வெட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். 1956ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-100 பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறேன். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பவர் ஸ்டியரிங் கிடையாது. மணிக்கு 55 மைலைத் தாண்டினால் வண்டி இரு பக்கமும் அலைகிறது. அழுத்திப் பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது. முன் அச்சை எடுத்துவிட்டு மஸ்டாங் 2 காரின் சஸ்பென்ஷன் வைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: சேசிஸை வெட்ட இப்போதே ஒப்புக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுமே தேய்மானத்தால் வரக்கூடியவை. புதிய சஸ்பென்ஷனோடு முன் பிரேக் மாறினாலும், பெடலின் அழுத்தத்தைத் திரவ அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரும் பின் பிரேக்கும் பழையபடியேதான் இருக்கும் என்பதால், முதல் செலவு பிரேக்குக்குத்தான்.

வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்றால், பெரும்பாலும் வலப்பக்க முன்சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். வீல் சிலிண்டர் கசிந்து ஷூவில் எண்ணெய் படிந்திருக்கலாம், அல்லது பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கலாம். இதைச் சரிசெய்தாலே வண்டி நேராக நிற்கும். ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் காலடியில், தரைத்தகட்டின் கீழே இருக்கிறது. அக்கால மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்றுக் கொண்டது. எங்கேனும் ஓரிடத்தில் ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் ஒரே நொடியில் பிரேக் போய்விடும். முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியே இயங்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரை, வேறு எதையும் மாற்றாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைப்பதும் நல்லதே. சக்கரம் சுழலும் பழைய தண்டிலேயே (ஸ்பிண்டில்) பொருந்தும் கிட்கள் விற்கின்றன. இங்கே பலர் தவறுவது ஒன்று உண்டு. மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால், பெடலை விட்டதும் திரவம் பின்னோக்கி வடிந்து, அடுத்த முறை பெடல் பாதி தூரம் வெறுமையாக இறங்கும். இதைத் தடுக்க, குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் ரெசிடுவல் வால்வு வேண்டும்: டிஸ்க் குழாயில் 2 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு) வால்வும், பின்பக்க டிரம் குழாயில் 10 பிஎஸ்ஐ வால்வும். இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்தினால் டிஸ்க் ஓயாமல் உரசிச் சூடேறும். டிரம்முக்கான சில மாஸ்டர் சிலிண்டர்களில் இந்த வால்வு உள்ளேயே இருக்கும் என்பதால் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலின் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாமல் ஓட்டுவதானால் சிலிண்டரின் துளை அளவையும் கவனிக்க வேண்டும். பெடல் நெம்பு விகிதம் 6 என்றும், காலின் அழுத்தம் 75 பவுண்டு என்றும் கொள்வோம். 1 அங்குலத் துளையில் ஏறத்தாழ 570 பிஎஸ்ஐ அழுத்தம் கிடைக்கும். 1.125 அங்குலத்துக்குப் போனாலே அது 450 அளவுக்கு இறங்கிவிடும். 'பெரிய சிலிண்டர், பெரிய பிரேக்' என்பது கடைக்காரர் பேச்சு. மேலும், சுமையில்லாத பிக்கப்பின் பின்பக்கம் மிக லேசாக இருப்பதால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலக்கூடும். பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க, பின்குழாயில் திருகிச் சரிசெய்யும் புரொபோர்ஷனிங் வால்வு ஒன்றை வைத்து, ஆளில்லாத இடத்தில், முன்சக்கரம் முதலில் பூட்டும் வரை சரிபாருங்கள்.

அடுத்தது அலைச்சல். முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, டயரின் மேலும் கீழும் கைவைத்து உள்ளும் புறமும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குறை வீல் பேரிங்கில். நிற்காமல் தொடர்ந்தால், அச்சின் முனையில் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் தண்டான கிங் பின் தேய்ந்திருக்கிறது. பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் சிறிது திருப்ப, நீங்கள் கீழே படுத்து ஸ்டியரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் டை ராட் கம்பியின் முனைகளையும், ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸோடு சேரும் போல்ட்டுகளையும் பாருங்கள். எது முதலில் அசைகிறது, எது தாமதிக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். பாக்ஸில் உள்ள திருகை இறுக்கி ஆட்டத்தைப் போக்க முயல்பவர்கள் பலர். வேறிடத்துத் தேய்மானத்தை அங்கே மறைக்கப் பார்த்தால் உள்ளேயிருக்கும் வார்ம் கியர்தான் கெடும்.

எல்லாம் இறுக்கமாக இருந்தும் அலைந்தால் காஸ்டர் கோணத்தை, அதாவது கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவை, அளக்கச் சொல்லுங்கள். முந்தைய உரிமையாளர் முன்பக்கத்தைத் தாழ்த்தியிருந்தால் அது குறைந்திருக்கும். லீஃப் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே, தடித்த முனை பின்பக்கம் வருமாறு 2 டிகிரி ஆப்பு வைத்தால் கோணம் கூடும். ரேடியல் டயர் போட்ட வண்டியில் வேறுபாடு நன்றாகத் தெரியும். ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்துத் துருவெடுத்து, ஷேக்கிள் புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினால் குலுக்கலும் பெருமளவு அடங்கும்.

மஸ்டாங் 2 என்பது 1974 முதல் 1978 வரை வந்த சிறிய காரின் முன்பக்க வடிவம். இன்றைய கிட்கள் அதைவிட வலுவாகச் செய்யப்படுபவை. நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அதன் ரேக் ஸ்டியரிங் உண்மையிலேயே சுகம். ஆனால் குறுக்குச் சட்டத்தை வெட்டி, சி வடிவச் சேசிஸைப் பெட்டியாக அடைத்து வெல்டு செய்ய வேண்டும். கால் அங்குலம் கோணலானாலும் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானே திரும்பும். வெட்டியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது. வார இறுதி ஓட்டத்துக்கு மட்டும் என்றால் பழைய அச்சையே வைத்துக்கொண்டு, கை கனத்தால் பவர் ஸ்டியரிங் பாக்ஸ் மட்டும் பொருத்துவதையே நான் பரிந்துரைப்பேன். எதைச் செய்தாலும், வேலை முடிந்து 100 மைல் ஓடிய பின் ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கி, அதன் பிறகே வீல் அலைன்மெண்ட்டுக்குக் கொண்டு செல்லுங்கள்.