நெட்டைக்கால் கிரேன் ஈ: வாசகர் கேள்விகள்

கேள்வி: சார், ராத்திரி லைட் போட்டால் கொசுவைப் பல மடங்கு பெரிதாக்கியது போல ஒன்று வந்து சுவரில் உட்காருகிறது. கடிக்குமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

பதில்: கடிக்காது, பயப்படாதீர்கள். அது கிரேன் ஈ. ரத்தம் குடிக்கும் ஊசிவாய் அதற்குக் கிடையாது. கொட்டாது, நோயும் பரப்பாது. தயவுசெய்து அடித்துக் கொல்லாதீர்கள். ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி வெளியே விட்டுவிடலாம்.

கேள்வி: கொட்டாது என்கிறீர்கள். நான் பார்த்ததற்கு வால் நுனியில் முள் இருந்ததே?

பதில்: அது பெண். ஈர மண்ணில் குத்தி முட்டையிடுவதற்கான உறுப்பு அது. ஆணுக்கு நுனி மழுங்கி, கொஞ்சம் தடித்திருக்கும்.

கேள்வி: இது கொசுவைப் பிடித்துத் தின்னும், வீட்டில் இருந்தால் நல்லது என்கிறார்களே?

பதில்: உண்மையில்லை. வளர்ந்த ஈக்களில் பல எதையுமே தின்பதில்லை. சில கொஞ்சம் பூந்தேன் குடிக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: சாப்பிடாமல் எப்படி உயிர் வாழும்?

பதில்: சாப்பாட்டு வேலையெல்லாம் புழுப் பருவத்திலேயே முடிந்துவிடுகிறது. அப்போது சேர்த்த கொழுப்புதான் பிறகு கைகொடுக்கிறது. சுவரில் நாம் பார்ப்பது அதன் வாழ்க்கையின் கடைசிச் சில நாட்கள். மிஞ்சிப் போனால் இரண்டு வாரம். அதற்கு முன் பல மாதங்கள், குளிர்ப் பகுதிகளில் ஏறக்குறைய ஒரு வருடம், அது கால் இல்லாத சாம்பல் நிறப் புழு. ஈர மண், ஓடைக் கரை, பாசி, உளுத்த மரம் என்று ஈரம் உள்ள இடமெல்லாம் இருக்கும். பெரும்பாலானவை மக்கும் இலைதழையைத் தின்று மண்ணுக்கே திருப்பித் தருகின்றன. சில இனங்களின் புழுக்கள் மற்றச் சிறு புழுக்களை வேட்டையாடும். தோல் உரித்து வளர்ந்து, அப்புறம் கூட்டுப்புழு ஆகும். அந்தக் கூட்டுப்புழு நெளிந்து நெளிந்து மேலே வந்து, பாதி உடம்பை மண்ணுக்கு வெளியே நீட்டும். முதுகு வெடித்து ஈ வெளிவரும். காலையில் புல்லைக் குனிந்து பாருங்கள், காலிக் கூடு செங்குத்தாக நிற்பது தெரியும். வெளியே வந்ததும் இணை சேர்வதும் முட்டையிடுவதும்தான் வேலை. ஒரு பெண் சில நூறு முட்டைகள்கூட இடும்.

கேள்வி: தோட்டத்தைக் கொத்தும்போது ஒரு புழு. அதற்கு இரண்டு கரிய கண்கள், சுற்றிலும் சதைக் கொம்புகள். விசித்திரமான முகம்!

பதில்: நீங்கள் பார்த்தது முகம் இல்லை, பின்பக்கம்! அந்த இரண்டு கரும்புள்ளிகளும் மூச்சுத் துளைகள். தலையை முன்பக்கம் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. லென்ஸ் இருந்தால் அவசியம் பாருங்கள்.

கேள்வி: இதன் புழு புல்வெளியை அழித்துவிடுமாமே?

பதில்: சில இனங்கள் மட்டும். டிப்யூலா பலுடோசா, டிப்யூலா ஒலரேசியா என்ற இரண்டு ஐரோப்பிய இனங்கள் புல்லின் வேரையும் தண்டின் அடியையும் கடிக்கும். வட அமெரிக்காவிலும் பரவிவிட்டன. முட்டைக்கும் இளம் புழுவுக்கும் ஈரம் இல்லாவிட்டால் ஆகாது. அதனால் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது முதல் வேலை. பறவைகள் கொத்தித் தின்ன வந்தால் விரட்டாதீர்கள். இந்த இரண்டுக்காக மற்றவற்றையும் பூச்சிமருந்து அடித்துக் கொல்வது அநியாயம். உலகில் 15,000-க்கும் அதிகமான கிரேன் ஈ இனங்கள் உண்டு. அமெரிக்கப் பூச்சியியலாளர் சார்லஸ் அலெக்சாண்டர் (1889–1981) ஒருவரே 11,000-க்கு மேற்பட்டவற்றைப் புது இனங்களாக விவரித்துப் பெயரிட்டார். அவர் மனைவி மேபல் கூடவே உழைத்தார்.

கேள்வி: பிடித்தபோது ஒரு கால் கையோடு வந்துவிட்டது. பாவமாக இருக்கிறது. திரும்ப வளருமா?

பதில்: வளராது. ஈயான பிறகு தோல் உரிப்பது இல்லையே. ஆனால் மிச்சக் கால்களோடு பறக்கும், இணை சேரும். சிலந்தியோ பறவையோ காலைப் பிடித்தால் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தப்புவது அதன் வழக்கம். தொடை தொடங்கும் இடத்திலேயே கழன்றுவிடும்.

கேள்வி: சிறகுக்குப் பின்னால் குண்டூசி மாதிரி இரண்டு நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது என்ன?

பதில்: ஈ இனம் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் உண்டு. பின் சிறகுகள்தான் அப்படிச் சுருங்கிவிட்டன. பறக்கும்போது அவை அதிர்ந்து, உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணர்த்தும். மற்ற ஈக்களில் தேடித்தான் பார்க்க வேண்டும், இதில் வெறும் கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: சிறகே இல்லாத கிரேன் ஈ உண்டா?

பதில்: உண்டு. கியோனியா என்ற வகை, குளிர்காலத்தில் பனியின் மேலேயே நடந்து இணை தேடும். சிறகு போய்விட்டது, அந்தக் குண்டூசி இரண்டும் மட்டும் இன்னும் இருக்கின்றன.